கேட்கிற நாளில் நாம் அங்கே இல்லை

மின் கட்டணம் ஏறிய மறுநாள்தான் நம் எல்லோருக்கும் குரல் வருகிறது. டீக்கடையில் அதே பேச்சு, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சு. ரீடிங் எடுக்க வருகிற ஊழியரைப் பார்த்ததும் "என்னங்க இது, பகல் கொள்ளையா இருக்கு" என்று அவர் மேல் பாய்கிறோம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற அந்த மனிதர் என்ன செய்வார்? யூனிட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற இடம் வேறு. சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில், சிட்கோ கட்டிடத்தின் 4-வது மாடியில் இருக்கிற தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை முடிவு செய்கிறது. அப்படி முடிவு செய்யும் முன் மக்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஆணையமும் கேட்கிறது. அன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் அங்கே இருப்பதில்லை. நாம் இருக்க முடியாதபடிதான் எல்லாம் அமைந்தும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

2022-ல் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 18 அன்று மின் கழகத்தின் கட்டண உயர்வு மனு ஆணையத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை என்று மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம். கிழமையைப் பாருங்கள்: செவ்வாய், வியாழன், திங்கள். மூன்றுமே வேலை நாள். செப்டம்பர் 9-ல் ஆணை வெளிவந்தது. 10-ஆம் தேதி முதல் புதுக் கட்டணம் அமலானது. சென்னையில் கடைசியாகப் பேசியவர் வீடு திரும்பி மூன்று வாரம் முடியவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகள் மட்டும் இரண்டேகால் கோடிக்கு மேல். அத்தனை வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது மூன்று ஊர், மூன்று நாள். நாகர்கோவிலில் இருப்பவர் மதுரைக்கு வர 240 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரருக்குச் சென்னையும் தூரம், கோவையும் தூரம். நாகப்பட்டினத்துக்காரர் எங்கே போவார்?

அந்த மூன்று நாளின் கனம் நமக்கு அப்போது தெரியவில்லை. அந்த ஆணை ஒரு வருஷத்துக்கானது என்றுதான் பலரும் நினைத்தோம். அது 2026-27 வரை ஐந்து ஆண்டுகளுக்கானது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டின் உயர்வு, அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். அதன்படி 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம் ஏறியது. ஒரு முறைகூட மறுபடி கூட்டம் கூட்டி யாரையும் கேட்கவில்லை. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டதால் நமக்கு வலி தெரியவில்லை, 2024-ல் தெரிந்தது. "கேட்காமலே ஏத்திட்டாங்களே" என்று அன்று கொதித்தோம். கேட்டது 2022 ஆகஸ்டில். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அன்றே கேட்டு முடித்துவிட்டார்கள். இது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் மாறும் என்றால் ஒவ்வோர் ஆண்டும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் அந்தக் கூட்டம்தான்.

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் இதைக் கேட்டேன். "போய் என்னங்க மாப்ளே பண்றது? ஏத்தறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானுங்க கூட்டமே போடறாங்க. ஒரு நாள் பட்டறைய மூடுனா கூலி யாரு குடுப்பாங்க?" என்றார். ஒரு நாள் பட்டறையை மூடுவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் "முடிவு பண்ணிட்டுத்தான்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே 2022-ல் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளின் டிமாண்ட் கட்டணத்தை 350 ரூபாயிலிருந்து 600-ஆக்கக் கேட்டார்கள்; ஆணையில் வந்தது 550. சிறு தொழில்களின் நிலைக் கட்டணமும் மனுவில் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. பெரிய நிம்மதி என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகும் சிறு தொழில் செய்வோர் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் தொழில் சங்கங்கள் கணக்கோடு போய் நின்ற இடத்தில் எண் கொஞ்சமாவது அசைந்தது. வீடுகளுக்கு என்ன ஆயிற்று? மனுவில் கேட்ட விகிதமே ஆணையிலும் வந்தது.

வீட்டுக் கணக்கை யாராவது உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2022-க்கு முன் 1,130 ரூபாய். புதுக் கட்டணத்தில் 1,725. மாதத்துக்கு 297 ரூபாய் 50 காசு கூடுதல். 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு எவ்வளவு கூடியது தெரியுமா? மாதத்துக்கு 155 ரூபாய். குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்கு உயர்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இது ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. உயர்வை அறிவித்த அன்றே இரண்டு எண்ணும் பத்திரிகைகளில் அடுத்தடுத்த வரியில் வந்தன. இன்னொன்று: அந்த 2022 கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டி 501 ஆனதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டின் விலை 2.25-லிருந்து 4.50 ஆகிவிட்டது. ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் கூடியது. பழைய கட்டணத்தில் இந்தப் பள்ளம் 650 ரூபாயைத் தாண்டியது, அதைக் குறைத்தது நல்லதுதான். மீதிப் பள்ளம் ஏன்? ரீடிங் எடுக்க இரண்டு நாள் தாமதமானால் ஒரு வீடு அந்தப் பள்ளத்தில் விழும் அல்லவா? இதைக் கேட்க இன்ஜினியர் வேண்டாம், ஆடிட்டர் வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கும் கையில் பழைய பில்லும் போதும். கட்டண உயர்வே வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்காருவதைவிட இந்த ஒரு கேள்வி ஆயிரம் மடங்கு பெரிது.

ஏன் பெரிது என்பதற்குக் காரணம் உண்டு. கட்டண ஆணையை யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு பகுதி முழுதும் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும்: மக்கள் சொன்னது இது, அதற்கு மின் கழகம் சொன்ன பதில் இது, ஆணையத்தின் கருத்து இது என்று. நீங்கள் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் அதற்குள் போகும். உயர்வு வேண்டாம் என்று மட்டும் ஆயிரம் பேர் எழுதினால் ஆயிரத்தையும் ஒரே வரியில் அடக்கி, ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 500-க்கும் 600-க்கும் இடையே ஏன் இப்படி என்று கேட்டால் அதற்கென்று தனியாக ஒரு பதில் எழுதியாக வேண்டும். பதில் சரியில்லை என்றால் அதுவும் எழுத்தில் நிற்கும். பிறகு மேல்முறையீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது கைப்பிடி. மேல்முறையீடு நம் போன்றவர்களுக்கு எளிதில்லை. அந்தத் தீர்ப்பாயம் இருப்பது டெல்லியில். 2004 விதிகள் வைத்த கட்டணமே ஒரு லட்சம் ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்குக் கீழே, வக்கீல் வைக்காமல், ஒரு தபாலில் நாம் சொல்லக்கூடிய ஒரே கட்டம் இந்தக் கருத்துக்கேட்புதான். அதைப் போய் விட்டுவிடுகிறோமே!

இந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு, மனுவின் சுருக்கத்தை விளம்பரம் செய்ய வேண்டும், பொதுமக்களிடமிருந்து வரும் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே 120 நாளுக்குள் ஆணை போட வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய 1998 சட்டத்தின் காலத்திலேயே இதற்காக ஒரு பெரிய வழக்கு நடந்தது. கொல்கத்தாவுக்கு மின்சாரம் தரும் சிஇஎஸ்சி நிறுவனத்தின் கட்டணம் பற்றிய வழக்கு. கட்டணம் நிர்ணயிக்கும்போது நுகர்வோரைக் கேட்க வேண்டுமா என்பதே அதில் ஒரு கேள்வி. 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சட்டமும் விதிகளும் நுகர்வோருக்கு அந்த உரிமையைத் தருகின்றன என்று தெளிவாகச் சொன்னது. எங்கேயோ கொல்கத்தாவில் யாரோ விடாமல் நின்று வாங்கிய தீர்ப்பு. இங்கே அதன் பலனை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

ஆளில்லாததற்கு நம்மை மட்டும் திட்டினால் அது பொய்யாகிவிடும். மனுவைக் கையில் எடுத்தாலே மலைப்பு. நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில், அட்டவணை மேல் அட்டவணையாக. என் பெரியம்மாவைப் போல் மாதப் பென்ஷனில் வாழ்கிற ஒருவர் அதில் தன் வீட்டைப் பற்றிய வரியை எங்கே தேடுவார்? பத்திரிகையில் வரும் அறிவிப்பு பொடி எழுத்தில், டெண்டர் அறிவிப்புகளோடு அறிவிப்பாக வருகிறது. கூட்டத்துக்குப் போனால் முதலில் மின் கழகத்தின் விளக்கம், திரையில் படம் படமாக. பிறகு பெயர் பதிந்தவர்கள் வரிசையாக வந்து சில நிமிடங்கள் பேசலாம். சங்கத் தலைவர்களும் கட்சிக்காரர்களும் பழகிய குரலில் பேசுவார்கள். முதன்முறை மைக் பிடிக்கிற இல்லத்தரசி, எங்கே ஆரம்பிப்பது என்று தடுமாறுவதற்குள் மணி அடித்துவிடும்.

எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது ஒரு விஷயத்தில்தான். நம் ஒவ்வொருவருடைய கைபேசி எண்ணும் அவர்களிடம் இருக்கிறது. பில் எவ்வளவு, கடைசித் தேதி எது என்று தவறாமல் எஸ்எம்எஸ் வருகிறது. பணம் கட்டச் சொல்வதற்குக் கோடிக்கணக்கான பேரை எட்ட முடிகிறது. "உங்கள் கட்டணம் பற்றி இந்தத் தேதியில், இந்த இடத்தில் கூட்டம். இந்த முகவரிக்கு எழுதலாம்" என்று அதே எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்? அதைக் கட்டாயமாக்க ஆணையத்தால் முடியும். செயல்பாட்டில் வெளிப்படைத்தன்மையை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 86-வது பிரிவு ஆணையத்துக்கே கடமை விதித்திருக்கிறது.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக வேறு ஆள் பேசலாம் என்பதற்கும் வழி இருக்கிறது. நுகர்வோரின் நலனை எடுத்துச் சொல்ல யாரையும் ஆணையம் நியமிக்கலாம் என்கிறது 94-வது பிரிவின் 3-வது உட்பிரிவு. மகாராஷ்டிரத்தில் புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகளுக்கு இந்த அங்கீகாரம் கொடுத்தார்கள். அவர்கள் மனுவை வரி வரியாகப் பிரித்துக் கேள்வி கேட்டு அங்கே விசாரணையின் தரத்தையே மாற்றினார்கள். நம்மூரிலும் சென்னையின் சிஏஜி போன்ற நுகர்வோர் அமைப்புகள் தொடர்ந்து எழுதுகின்றன, பேசுகின்றன. அவர்கள் பின்னால் நாம் நிற்கிறோமா? நம் பில் நகலைக்கூட அவர்களுக்கு அனுப்பியதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதை இன்னும் வேதனை. மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குத் தனிப் பிரிவு, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று 2022-ல் வைத்தார்கள். அந்தப் பிரிவு மனுவிலேயே இருந்தது. எங்கள் குடியிருப்பில் யாரும் அதைப் படிக்கவில்லை. பில் வந்த பிறகு சங்கக் கூட்டத்தில் கத்தினோம். பராமரிப்புத் தொகையை ஏற்றினோம். லிப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, பத்துக்கு மிகாத வீடுகள் கொண்ட குடியிருப்புகளுக்கு அதை 5 ரூபாய் 50 காசாக அரசு குறைத்தது 2023-ன் கடைசியில். அதற்குள் 8 ரூபாய் 8.15 ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிய பணம் கட்டியதுதான். நான்கு வீடு, ஆறு வீடு கொண்ட சின்னக் குடியிருப்பையும் லிப்டும் ஜெனரேட்டரும் நீச்சல் குளமும் உள்ள பெரிய வளாகத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று ஊருக்கு நாலு சங்கம் ஆகஸ்டிலேயே எழுதியிருந்தால், ஆணையம் அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். பிறகு அரசே செய்த திருத்தம்தானே அது? அப்படியென்றால் முதலிலேயே நியாயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல ஆள் போதவில்லை.

நம் வீட்டுக் கணக்கைத் தாண்டியும் கேட்கலாம். 2011-12-ல் 43,493 கோடியாக இருந்த கடன் பத்து வருஷத்தில் ஒரு லட்சத்து 59 ஆயிரம் கோடியைத் தாண்டியது, அதனால்தான் உயர்வு என்று 2022-ல் சொன்னார்கள். அப்படியானால் அதில் வட்டிக்கு எவ்வளவு போகிறது, வெளியில் வாங்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு போகிறது, வழியில் இழப்பாகப் போவது எவ்வளவு? இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லாதபோது, அங்கே ஓடியது இவ்வளவு, இழப்பு இவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? விவசாயிக்கு இலவச மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை; அதற்கான மானியத்தை அரசு கொடுக்கிறது, கொடுக்கட்டும். அளக்காத மின்சாரத்தின் கணக்கை அளந்து கட்டுகிறவர் தலையில் வைக்கும்போது அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எழுதுவது எப்படி என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது மிகக் கொஞ்சம். பெயர், முகவரி, மின் இணைப்பு எண். மனுவின் எந்தப் பகுதி பற்றிப் பேசுகிறீர்கள், அதில் என்ன தவறு, அதற்குப் பதில் என்ன வேண்டும். நேரில் பேச விருப்பம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் என்பது விளம்பரத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதுங்கள், இது தமிழ்நாட்டு ஆணையம். நேரில் பேசும்போதும் எழுதியதைப் பார்த்தே படிக்கலாம், அதில் வெட்கம் எதற்கு?

ஆணையத்திடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் கூட்டம் வையுங்கள், ஒன்றையாவது ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மனுவை முழுதாகத் தமிழில் கொடுங்கள். எந்த வீட்டுக்கு இப்போது எவ்வளவு, கேட்பது எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணையை மின் கழகத்தின் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். 2014-ல் தாமாக முன்வந்து கட்டணத்தை நிர்ணயித்தபோது சென்னையோடு திருநெல்வேலிக்கும் ஈரோட்டுக்கும் போய்த்தானே கேட்டார்கள்? ஊர் மாற்றிப் போக முடிந்தவர்களுக்கு ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் முடியும்.

2022 ஆணையின் கணக்கு 2026-27-ஓடு முடிகிறது. அடுத்த ஆண்டுகளுக்கு மனு வந்தே தீர வேண்டும். கட்டண மனுவை நவம்பர் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. முன்னே பின்னே ஆகலாம், வராமல் இருக்காது. அதற்குள் ஒரு வருஷத்து பில் ஆறையும் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். குடியிருப்புச் சங்கத்தில் படிக்கிற பழக்கமுள்ள இரண்டு பேரிடம் மனுவில் நம் பிரிவு இருக்கும் பக்கங்களை ஒப்படையுங்கள். கோவை மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன்: பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள், அன்றைக்கு அவருக்குப் போகிற கூலியை மற்ற ஒன்பது பேரும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.